மாத்திரையோடு போகும் பேச்சு

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக்குப் போனால் சர்க்கரை நோய்க்கான மாத்திரை காசில்லாமல் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களும் வட மாநிலங்கள் பொறாமைப்படும் அளவுக்கு இருக்கின்றன. அப்படியிருந்தும், உலக சுகாதார நிறுவனத்தின் முறையைப் பின்பற்றி 2020இல் மாநிலம் முழுவதும் எடுத்த ஆய்வில், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மீதிப் பேரில் பலருக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களில் சிலர் சிகிச்சைக்குப் போகவில்லை. போனவர்களிலும் ஏராளமானோருக்கு எண் இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். நோயாளி மருத்துவமனைக்கு அலைவதற்குப் பதில் மருந்து நோயாளியைத் தேடிப் போகும். நல்ல திட்டம், ஏற்காடு மாதிரியான இடத்தில் இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு டவுன். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயிலோடு மலை முடிந்துவிடும். ஆனால் சேர்வராயன் மலையில் ஆட்கள் வாழ்வது அதற்கு அப்பால், நாகலூர், வாழவந்தி, மாரமங்கலம், செம்மநத்தம் என்று சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். பேர்தான் அப்படி, பேசுவது தமிழ். பலருக்குப் பிழைப்பு காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார்; இன்று சில்வர் ஓக் மரத்தின் நிழலில், அதில் ஏறிய மிளகுக் கொடியோடு சேர்ந்து மலை முழுக்கக் காப்பிதான். பழம் பறிப்புக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனை வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்? எனவே மாத்திரை வீட்டுக்கு வருவது பெரிய உதவி.

மாத்திரை வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுப்பதற்கும் அது வயிற்றுக்குள் போவதற்கும் நடுவே ஒரு மனித மனம் இருக்கிறது. அதை வழிக்குக் கொண்டுவர நமக்குத் தெரிந்த உபாயம் ஒன்றுதான்: அறிவுரை. அது பலிக்கவில்லை என்றால் மிரட்டல்.

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். டைப் 2 நீரிழிவில் தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் கூடுதலாகச் சுரந்து கொஞ்ச காலம் ஈடுகொடுக்கும், பிறகு களைத்துவிடும். சர்க்கரை ரத்தத்திலேயே தங்கி, கண், சிறுநீரகம், பாதம் என்று நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் அரிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு இந்த நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன என்று இங்கிலாந்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த பெரும் ஆய்வு 2000இல் கணக்கிட்டது. ஒரு புள்ளி என்பது எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான். ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரையும், குறைத்த சோறும், சாப்பிட்ட பின் போட்ட நடையும் அங்கே கொண்டுபோய்விடும். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் அந்த நடைக்கு அவ்வளவு மதிப்பு.

மலையில் நடக்கிறவர்களுக்கு ஏன் சர்க்கரை வரவேண்டும் என்று கேட்கலாம். இப்போது பஸ் போகிறது, பைக் போகிறது. சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் ரேஷன் அரிசி உலை கொதிக்கிறது. இந்தியா முழுக்க நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் உணவின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதே ஆய்வு சிறுதானியப் பிரியர்களுக்குக் கசப்பான இன்னொன்றையும் 2025இல் சொன்னது: மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ சாப்பிடுவதால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. குவித்த சோற்றுக்குப் பதில் குவித்த சாமை என்றால் பயனில்லை. ஆக, ஒருவர் தட்டில் எதை, எவ்வளவு குறைப்பது என்பது அவர் வீட்டு அடுப்படியில் முடிவாகிற விஷயம். டாக்டருக்கோ தன்னார்வலருக்கோ அங்கே ஓட்டுரிமை இல்லை.

இனி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஐம்பதைத் தாண்டிய தோட்டத் தொழிலாளி. சர்க்கரை வந்து நாலைந்து வருடம். தன்னார்வலர் விரலில் குத்திப் பார்க்கிறார், 280 காட்டுகிறது.

"மாத்திரை போடறீங்களாம்மா?"

"போடறேன் கண்ணு."

"அப்புறம் எப்படி 280? காப்பியில சக்கரை போடாதீங்கன்னு போன மாசமே சொன்னனே."

"சரி கண்ணு."

"இப்படியே விட்டா கால எடுக்க வேண்டி வரும், பாத்துக்கோங்க."

"சரி."

இது அக்கறையில் வந்த பேச்சு. சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் இதிலிருந்து தன்னார்வலருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாளும் இரண்டு 'சரி' சொல்லித் தப்பித்துவிட்டார். சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்று தோன்றினாலே மனிதர்கள் எதிர்த்திசையில் இழுப்பார்கள் என்று ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் எழுதினார். நம் ஊரில் அந்த எதிர்ப்பு சண்டையாக வராது. பணிவாக, தலையாட்டலாக வரும். அதனால் சொல்பவருக்கு அது எதிர்ப்பு என்றே தெரிவதில்லை.

இந்த முட்டுக்கட்டைக்கு ஒரு வழி நீரிழிவு மருத்துவத்திலிருந்து வரவில்லை, குடிநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மில்லர் 1982இல் நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகே ஒரு சிகிச்சை மையத்தில் இளம் உளவியலாளர்களோடு வேலை செய்தார். அவர்கள் குடிநோயாளிகளாக நடிப்பார்கள், இவர் பேசிக் காட்டுவார். நடுநடுவே நிறுத்தி, "ஏன் இந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், ஏன் அவர் சொன்ன அந்த வாக்கியத்தை விட்டு இந்த வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்?" என்று குடைந்தார்கள். தான் அறியாமலே ஒரு விதியைப் பின்பற்றி வந்தது மில்லருக்கு அந்தக் குடைச்சலில்தான் பிடிபட்டது. மாற வேண்டும் என்ற வாதத்தைச் சிகிச்சையாளர் பேசக் கூடாது, நோயாளியின் வாயிலிருந்து வரவைக்க வேண்டும். 1983இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பிறகு வேல்ஸில் பணியாற்றிய ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக்கினார். ஊக்க உரையாடல் என்று நாம் சொல்லக்கூடிய முறை இப்படிப் பிறந்தது.

அந்தக் காலத்துக் குடிநோய் சிகிச்சையில் முகத்துக்கு நேரே உண்மையைப் போட்டு உடைப்பதுதான் வீரம். மில்லர் குழு அதை அளந்தே பார்த்தது. 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவுக்கு எவ்வளவு மோதினாரோ, ஒரு வருடம் கழித்து அவரிடம் வந்தவர் அவ்வளவுக்கு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் 'நல்லதுக்குத்தானே திட்டுறேன்' என்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

இதன் அடியில் இருக்கும் கருத்து எளியது. மாற நினைக்கிற எவருக்கும் இரண்டு மனம் உண்டு. ஒரு மனம் மாத்திரை வேண்டும் என்கிறது, மறு மனம் வேண்டாம் என்கிறது. வெளியிலிருந்து ஒருவர் 'வேண்டும்' பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் நோயாளிக்கு மிஞ்சுவது 'வேண்டாம்' பக்கம் மட்டும்தான். அதைப் பேசப் பேச, தன் காதில் தன் குரல் விழ விழ, அதையே அவர் நம்பத் தொடங்குகிறார். திருப்பிப் போட்டாலும் இதே விதிதான் என்பதே மில்லரின் பந்தயம். பால் ஆம்ரைன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2003இல் போதைப் பழக்கத்திலிருந்து விடுபட வந்தவர்களின் உரையாடல்களை வாக்கியம் வாக்கியமாக எடைபோட்டார். 'செய்யப் போகிறேன்' என்ற உறுதிமொழிப் பேச்சு சந்திப்பின் இறுதியை நோக்கி வலுத்தவர்கள்தான் பிறகும் விலகி நின்றார்கள். தொடக்கத்தில் என்ன பேசினார்கள் என்பது அவ்வளவு முக்கியமாக இல்லை.

அதே வீடு, அதே 280, வேறு பேச்சு:

"அம்மா, மாத்திரை பத்திக் கொஞ்சம் பேசலாமா?"

"பேசு கண்ணு."

"தினமும் மாத்திரை போடறது தொல்லைதான். உங்களுக்கு எப்படிப் போகுது?"

"போடுவேன். பழம் பறிக்கப் போற நாள்ல போடறதில்ல."

"பறிப்பு நாள்ல மட்டும் விட்டுடறீங்க."

"போட்டா வயித்தால போகுது கண்ணு. சரிவுல பத்துப் பேரோட நிக்கறப்ப எங்க போயி ஒதுங்கறது? மேஸ்திரி வேற பாத்துட்டே இருப்பாரு."

"வேலையும் கெடக் கூடாது, மானமும் போகக் கூடாது."

"ஆமா. ஆனா விட்டாலும் ராத்திரி மூணு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்க வேண்டியிருக்கு. தூக்கமே இல்ல, மறுநா கை ஓட மாட்டேங்குது."

"ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிச்சாப் போதும்னு இருக்கு."

"பின்ன? பேத்தி வேற எங்கூடப் படுக்கறா, அவளும் முழிச்சுக்கறா."

"என்ன பண்ணலாம்னு நெனக்கறீங்க?"

"ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா ஆகுமா?"

"நல்ல யோசனை. டாக்டரக் கேட்டுச் சொல்றேன். வயித்துக்கு ஒத்துக்கற மாதிரி மெதுவாக் கரையற மாத்திரையும் இருக்கு."

தன்னார்வலர் இங்கே இனிமையாகப் பேசியது பெரிய விஷயமில்லை. முதல் பேச்சிலும் அவர் இனியவர்தான். வேறுபாடு அவர் கேட்ட விதத்தில். முதலில் பேச அனுமதி கேட்டார். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைத் தவிர்த்தார். பிறகு கேள்வியையே குறைத்துக்கொண்டு, அந்த அம்மாள் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார். அடுத்தடுத்துக் கேள்வி கேட்டால் அது போலீஸ் விசாரணை, திருப்பிச் சொன்னால் பேசியவர் மேற்கொண்டு பேசுவார். அந்த அம்மாள் தானாகவே இரவுத் தூக்கத்துக்கு வந்ததும் அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலை எடுப்பார்கள் என்ற பயம் தராத காரணத்தை, விழித்துக்கொள்ளும் பேத்தி தந்தாள். அதை வெளியிலிருந்து யாராலும் ஊகித்திருக்க முடியாது.

இந்த முறையைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கண்டுகொள்ளாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளியின் தயக்கத்தில் மருத்துவத் தகவல் இருக்கிறது. சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை சிலருக்கு வயிற்றைக் கலக்கும். நாளெல்லாம் காப்பிச் சரிவில் நிற்கும் பெண்ணுக்கு அது பக்க விளைவு மட்டுமல்ல, பிழைப்புப் பிரச்சினை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் காப்பியோடு ஏழு மணிக்கே பறிப்புக்குப் போனால் பத்து மணிக்குச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டலாம். அப்படி ஒருமுறை ஆனவர் அடுத்த நாள் மாத்திரையைத் தொடமாட்டார். அவர் செய்தது அறியாமை இல்லை, தற்காப்பு. 'மாத்திரை ஒழுங்காகப் போடு' என்று அவரைத் திட்டி வழிக்குக் கொண்டுவந்தால் நாமே அவரை ஆபத்தில் தள்ளுகிறோம். கேட்பது என்பது மனம் குளிர வைக்கும் வேலை என்று நினைக்கிற டாக்டர்களுக்கு என் பதில் இது: கேட்பதும் நோயறிதலில் ஒரு பகுதி.

சரி, ஊக்க உரையாடலால் சர்க்கரை இறங்குகிறதா? நேர்மையான பதில், கொஞ்சம் என்பதுதான். அதுவும் எப்போதும் இல்லை. 2005இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரூபாக் குழு 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நாலில் மூன்று ஆய்வுகளில் வழக்கமான அறிவுரையை இது வென்றிருந்தது. எடை, கொழுப்பு, ரத்த அழுத்தத்தில் பலன் தெரிந்தது. எச்பிஏ1சியிலோ உறுதியாகச் சொல்லும்படி தெரியவில்லை. இந்த முறையின் ரசிகர்கள் மறந்துவிட விரும்பும் வரி அது. 2007இல் டீலியா வெஸ்ட் குழு டைப் 2 நீரிழிவு உள்ள 217 பெண்களை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஒரே எடைக் குறைப்புப் பயிற்சி. பாதிப் பேருக்குக் கூடவே ஊக்க உரையாடல். ஒன்றரை ஆண்டு கழித்தும் உரையாடல் பெற்றவர்களே கூடுதலாக எடை குறைந்திருந்தார்கள். ஆனால் அவர்களில் கறுப்பினப் பெண்களுக்கு அந்தக் கூடுதல் பலன் அவ்வளவாக வாய்க்கவில்லை. ஒரு சமூகத்தில் உருவான பேச்சு முறை இன்னொரு சமூகத்தில் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே நம் ஊர்ச் சான்றையும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை ஏற்காட்டில் இந்த முறையை வைத்துப் பெரிய சோதனை நடந்ததில்லை. ஆனால் பேச்சு மருந்தாகுமா என்பதைச் சென்னை சோதித்திருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கியது. மூன்றாண்டு முடிவில், சும்மா விட்ட பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. உணவு, நடை பற்றித் தொடர்ந்து பேசிவந்த பிரிவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் கொடுத்த பிரிவில் 40.5. பேச்சும் மாத்திரையும் சேர்த்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான், 39.5. 2006இல் வெளியான இந்த முடிவின்படி பேச்சு மாத்திரைக்குச் சமமாக நின்றது. அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில் பேச்சைக் குறுஞ்செய்தியாகச் சுருக்கியது. வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேர், இரண்டு ஆண்டு. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கு. எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பவில்லை. மாறுவதற்கு அவரவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ அதற்கேற்ப அனுப்பினார்கள்.

இவை நோய் வராமல் தடுக்கும் சோதனைகள். மில்லர் முறையை அச்சு அசலாகப் பின்பற்றியவையும் அல்ல. ஆனாலும் ஒன்று தெளிவு. தமிழ்நாட்டு மனிதர்களிடம் விடாமல், ஆளறிந்து பேசினால் ரத்தச் சர்க்கரை வரைக்கும் அது போய்ச் சேர்கிறது.

எதிர்வாதம் ஒன்றையும் ஒதுக்க முடியாது. 'நீங்க சொல்லுங்க டாக்டர், நான் செய்யறேன்' என்று நிஜமாகவே விரும்புகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களிடம் போய் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றால், 'இவருக்கு ஒன்றும் தெரியாது போல' என்று அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்வதற்கு முன் என்ன தெரியும் என்று கேட்டு, சுருக்கமாகச் சொல்லி, சொன்னபின் அது அவர் வீட்டில் நடக்குமா என்று கேட்டால் போதும். காலில் புண் அழுகும்போதும், சர்க்கரை தாழ்ந்து மயங்கும்போதும் இந்த அத்தியாயம் முழுவதையும் மறந்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ரேஷன் கடையில் அரிசிக்கு நிகராகப் பருப்பும் முட்டையும் கிடைக்காதவரை, தோட்டத்தில் பெண்களுக்கு ஒதுங்க இடம் இல்லாதவரை, எந்த உரையாடலும் ஓரளவுக்கு மேல் போகாது. அவற்றைச் செய்யாமல் ஏழையிடம் 'ஊக்கம்' தேடுவது கயமை.

செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. மலைக்கு மேலே ஏற்கெனவே ஒரு பெண் பையோடு நடந்துகொண்டிருக்கிறார். அதே ஊர்க்காரர், எந்த வீட்டில் யார் தூங்கவில்லை என்று தெரிந்தவர், டாக்டரைவிட அடிக்கடி அந்த வாசலில் நிற்பவர். இந்தப் பேச்சைக் கற்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் ஒரு பயிலரங்கோடு இது வராது. மில்லர் குழு 2004இல் 140 சிகிச்சையாளர்களுக்குக் கற்பித்துப் பார்த்தது. புத்தகமும் வீடியோவும் மட்டும் பெற்றவர்கள் பெரிதாகத் தேறவில்லை. பயிலரங்குக்குப் பிறகு தங்கள் உரையாடலைப் பதிவுசெய்து அனுப்பி, திருத்தமோ வழிகாட்டலோ பெற்றவர்களிடம்தான் திறமை நிலைத்தது. தன்னார்வலர்களுக்கும் அப்படி மாதம் ஒருமுறை அவர்கள் பேச்சைக் கேட்டுத் திருத்த ஒரு செவிலியர் வேண்டும். எத்தனை வீடு, எத்தனை அட்டை என்று எழுதுகிற பதிவேட்டில், மாத்திரை விட்டுப்போனதற்கு நோயாளி சொன்ன காரணத்தை அவர் வார்த்தையிலேயே எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தக் கட்டத்தை மாதந்தோறும் படிக்க ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கு நேரமும் ஒதுக்க வேண்டும்.  சுகாதாரத் துறை ஒரு மலை ஒன்றியத்தில் இரண்டு வருடம் செய்து பார்க்கட்டும். அதற்கு ஏற்காடு நல்ல இடம்.